நீலமாகாத உப்பு

பஸீனா ஆசிரியை அல்ல. யாராவது டீச்சர் என்று கூப்பிட்டால் அவளே திருத்திவிடுவாள். கற்பிட்டிக் குடாநாட்டில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே உள்ள ஒரு பாடசாலையில் பதினாறு வருடம் அவள் ஆய்வுகூட உதவியாளராக இருந்தாள். சோதனைக் குழாய்களைக் கழுவுவது, போத்தல்களில் பெயர் ஒட்டுவது, ஆசிரியர் கேட்டதை மேசையில் எடுத்து வைப்பது, பாடம் முடிந்ததும் அலுமாரியைப் பூட்டுவது. இவைதான் அவள் வேலை. மேசையை ஒழுங்குபண்ணிவிட்டு ஜன்னல் ஓரமாக நின்றுகொள்வாள். இந்தப் பதினாறு வருடத்தில் ஏழு ஆசிரியர்கள் வந்து போனார்கள். ஏழு பேரும் செய்த அதே பரிசோதனைகளை அவள் ஏழு விதமாகப் பார்த்திருக்கிறாள். எந்த ஆசிரியர் எந்த இடத்தில் பிழை விடுவார் என்பதும் தெரியும். பேசாமல் நிற்பாள்.

அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டில், அவள் குடும்பம் மன்னாரிலிருந்து படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியது. முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் நடந்த பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். சாதாரண தரப் பரீட்சையில் அந்தக் கொட்டிலில் இருந்து விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தது அவள் ஒருத்திதான். உயர்தர விஞ்ஞானப் பிரிவு புத்தளம் டவுனில் இருந்தது. வாப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தையல் வகுப்பில் சேர்த்துவிட்டார். பிறகு கல்யாணம். புருஷன் முபாரிஸும் மன்னாரிலிருந்து வந்த குடும்பம்தான்; மீரா முகைதீன் ஹாஜியாரின் உப்புப் பொதியிடும் கொட்டகையில் இயந்திரம் பார்ப்பவன். ஒரு மகள், ஆறு வயது. ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்தபோது பஸீனாவுக்கு இருபத்து மூன்று வயது. நியமனக் கடிதம் வந்த அன்று அவள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாள் என்று முபாரிஸ் இன்னும் சிரிப்பான்.

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டின் ஆரம்பத்தில் விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனார். பதிலுக்கு வந்தவர் ஏழு கிழமை இருந்துவிட்டு, இந்தப் பக்கத்து உவர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவச் சான்றிதழோடு போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. பத்தாந் தரத்துப் பிள்ளைகள் விஞ்ஞானப் பாட நேரத்தில் மேசையில் தாளம் போட்டுப் பாட்டுப் படித்தார்கள்.

அதிபர் லத்தீப் சேர் ஒரு நாள் ஆய்வுகூடத்துக்கே வந்தார். வழக்கமாக அவர் அங்கே வரமாட்டார்.

"தங்கச்சி, இந்தப் புள்ளைகள் சும்மா இருந்து கத்துதுகள். நீங்க கொஞ்சம் பாத்துக்கங்களேன்."

"நான் டீச்சர் இல்லையே சேர்."

"எனக்குத் தெரியாதா? ஒண்டும் படிப்பிக்கத் தேவல்ல. எனத்தையாவது செஞ்சு காட்டுங்க. வலயக் கல்வி ஒபிஸில இருந்து ஆள் வாற மட்டும்தான். நான் எழுத்தில ஒண்டும் தரமாட்டன், விளங்குதுதானே? ஆனா நான் ஈக்கிறன்."

நான் இருக்கிறேன் என்று அவர் சொன்னதை அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அப்போது காரணம் எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால், அவர் கேட்காவிட்டாலும் அவள் என்றோ ஒரு நாள் போய் நின்றிருப்பாள். அவ்வளவு ஆசை.

அலுமாரியில் பாதிப் போத்தல்கள் வெறுமையாக இருந்தன. அமிலங்களைத் தொடக்கூடாது என்று அவளே தீர்மானித்துக்கொண்டாள். அதனால் குசினியில் கிடைப்பதை வைத்துத் தொடங்கினாள். செவ்வரத்தம் பூவைக் கொதிநீரில் ஊறவிட்டு வடித்த ஊதா நிறத் தண்ணீர். அதில் வினாகிரி விட்டால் சிவப்பு, சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சை. பிள்ளைகள் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கொண்டுவந்து அதில் ஊற்றிப் பார்த்தார்கள். கிணற்றுத் தண்ணீர், களப்புத் தண்ணீர், ஷாம்பு, அப்பச்சோடா, ஒருவன் தன் வாப்பாவின் பல்வலி மருந்து. மூன்று போத்தலில் மூன்று ஆணி போட்டார்கள். ஒன்று காய்ந்த போத்தல். ஒன்றில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரும் மேலே தேங்காய் எண்ணெயும். மூன்றாவதில் கடல் தண்ணீர். நான்காம் நாள் கடல் தண்ணீர் ஆணி செம்மண் நிறமாகிவிட்டது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்டு, அந்தத் தெளிவுக்குள் குழாயால் ஊதினால் பால்போல ஆகும். தன் மூச்சுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதைப் பார்த்து ஒரு பிள்ளை ஊதி ஊதித் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டது.

அவளிடம் ஒரே ஒரு கட்டுப்பாடு. "மொதல்ல எனத்த நடக்கும் எண்டு எழுதுங்க. பொறகு செய்ங்க. பிழைச்சா அழிக்கக் கூடாது. பக்கத்தில சரியானத எழுதுங்க, பிழையானதும் இருக்கட்டும்."

அந்த வருடக் கடைசிப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்குச் சித்தி அடைந்தவர்கள் பன்னிரண்டிலிருந்து இருபத்தாறாக ஆனார்கள். லத்தீப் சேர் கூட்டத்தில் அதைச் சொன்னார். யார் செய்தது என்று சொல்லவில்லை. பஸீனா பின் வாங்கில் இருந்து தானும் கைதட்டினாள்.

மறு வருடம் உப்புப் பஞ்சம். முந்திய மாரி விடாமல் பெய்து பாத்திகளில் விளைந்ததைக் கரைத்துவிட்டது. புத்தளத்திலேயே கடைகளில் உப்பு இல்லை. இருந்தாலும் தொடமுடியாத விலை. கப்பலில் வெளிநாட்டு உப்பு வந்து இறங்கியது. மீரா முகைதீன் ஹாஜியார் அதைக் கொண்டுவந்து தன் கொட்டகையில் அரைத்து, பால்நிலா உப்பு என்ற தன் பக்கட்டில் அடைத்து, எங்கும் இல்லாத நேரத்தில் ஊருக்குக் கொடுத்தார். பள்ளிவாசலில் அவருக்காகத் துஆ கேட்டார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அவர் இல்லாவிட்டால் அந்த இரண்டு மாதம் பல வீட்டில் உப்பில்லாமல்தான் சமைத்திருப்பார்கள்.

இந்த நேரத்தில்தான் பதினோராந் தரத்துக்கு வந்துவிட்ட அதே வகுப்பில் அயடீனைப் பற்றிக் கதை வந்தது. கழுத்தில் கழலை ஏன் வருகிறது, சின்னப் பிள்ளைகளின் மூளைக்கு அயடீன் ஏன் வேண்டும், சட்டப்படி உப்பில் அதை ஏன் சேர்க்கிறார்கள் என்று புத்தகத்தில் இருந்ததை ஒரு பிள்ளை வாசித்தது. ஃபஹ்மியா கையை உயர்த்தினாள். ஒல்லியான பிள்ளை, எதையும் இரண்டு தரம் கேட்பவள். அவள் உம்மா ஷஃபீனா ஹாஜியாரின் கொட்டகையில் பக்கட் ஒட்டுகிறவள்.

"பக்கட்டில அயடீன் சேத்த உப்பு எண்டு போட்டீக்கு. அதை எப்பிடி நம்புற, டீச்சர்?"

"டீச்சர் இல்ல. நம்பத் தேவல்ல. பாத்துக்கொள்ளலாம்."

உப்பில் சேர்க்கும் அயடேற்று, அமிலத்தில் பொற்றாசியம் அயடைட்டோடு சேர்ந்தால் அயடீனை விடும். அயடீன் மாப்பொருளைத் தொட்டால் நீலம். அலுமாரியில் அயடைட்டுப் போத்தல் ஒன்று பாதி இருந்தது. மாப்பொருளுக்கு ஆறிய சோற்றுக் கஞ்சி. அமிலத்துக்குத் தேசிக்காய்ப் புளி விட்டாள். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த உப்பில் ஒரு நிறமும் வரவில்லை. கடையில் வாங்கிய வேறொரு நல்ல உப்பிலும் வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கொப்பியில் பிழை என்று எழுதச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது விளங்கியது. தேசிக்காயில் விற்றமின் சீ இருக்கிறது. அது பிறக்கிற அயடீனைப் பிறந்த இடத்திலேயே தின்றுவிடும். புளியை விட்டு வினாகிரி எடுத்தாள். கடையில் வாங்கிய உப்பு மை கொட்டியதுபோல நீலமானது. அவள் வீட்டு உப்பு வெள்ளையாகவே கிடந்தது. அது பால்நிலா உப்பு. கொட்டகையில் வேலை செய்கிறவர்களுக்கு மாதம் இரண்டு பக்கட் சும்மா கிடைக்கும்.

அடுத்த நாள் எல்லோரையும் வீட்டிலிருந்து ஒரு தேக்கரண்டி உப்பைத் தாளில் மடித்து, பக்கட்டின் பெயரை மேலே எழுதிக் கொண்டுவரச் சொன்னாள். முப்பத்து நான்கு மடிப்பு வந்தது. முதலில் உப்பே இல்லாமல் கஞ்சியையும் வினாகிரியையும் அயடைட்டையும் மட்டும் கலந்து பார்த்தார்கள். நீலம் வரக்கூடாது, வரவில்லை. பிறகு ஒவ்வொன்றாக. பதின்மூன்று நீலம். இருபத்தொன்று வெள்ளை. இருபத்தொன்றும் பால்நிலா.

பிள்ளைகள் மடிப்புகளில் எழுதியிருந்த பெயர்களைத் திரும்பப் பார்த்தார்கள். ஃபஹ்மியா மட்டும், "எல்லாம் ஒரே பேர்," என்றாள்.

"வெளியில கதைக்காதீங்க. நான் பெரியாக்களுக்குச் சொல்றன்," என்றாள் பஸீனா. சொல்லும்போதே தெரிந்தது, பின்னேரத்துக்குள் இது முப்பத்து நான்கு வீட்டுக்கும் போய்விடும் என்று.

லத்தீப் சேரிடம் போனாள். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொறுங்க, பாப்பம்," என்றார். முப்பத்து நான்கு தாள் மடிப்புகளையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு ஆய்வுகூட அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

முபாரிஸ் அப்போதுதான் வேலையால் வந்து பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் கை மெல்ல நின்றுபோனது.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அயடீன் தெளிக்கிற மெசின் மாசிக்குப் பொறகு ஓடல்ல," என்றான். "பம்ப் பழுது. ஹாஜியார் சாமான் வரட்டும் எண்டார். பொறகு உப்புக்கு ஆக்கள் வாசலில நிண்டாங்க. மறந்துட்டாரு. இல்லாட்டி மறந்தமாதிரி இருந்துட்டாரு."

"நம்மட புள்ளையும் அதைத்தானே தின்னுது."

"ரெண்டு மூணு மாசத்தில ஒண்டும் ஆகாது பஸீனா."

"அதை நீங்க எங்க படிச்சீங்க?"

அவன் கையைக் கழுவப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து ஹாஜியார் பாடசாலைக்கு வந்தார். அவர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரும்கூட. அதிபரின் அறையில் மின்விசிறிக்குக் கீழே இருந்தார். அறுபது வயது, வெள்ளைத் தொப்பி, சத்தம் போடாத மனிதர். பஸீனாவைக் கதிரையில் இருக்கச் சொன்னதும் அவர்தான்.

"புள்ள, ஊரில ஒரு கதை உலாவுது. அதை நீங்கதான் சொன்னீங்களாம்."

"நான் கதை சொல்லல்ல ஹாஜியார். புள்ளைகள் பரிசோதனை செஞ்சாங்க. உங்களுக்கும் காட்டட்டா?"

லத்தீப் சேர் வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தார். ஹாஜியார், "காட்டுங்களேன்," என்றார்.

அவள் போய்ப் பீங்கான் தட்டையும் போத்தல்களையும் எடுத்துவந்தாள். ஹாஜியாரின் வாகனத்திலேயே பால்நிலா பக்கட் இருந்தது. சாரதி கொண்டுவந்து கொடுத்தான். அவர் கண் முன்னால் உடைத்தாள். மூன்று துளி விட்டாள். வெள்ளை. மற்றக் கம்பனி உப்பை எடுத்து அதே போத்தலிலிருந்து மூன்று துளி விட்டாள். நீலம் பரவியது. ஹாஜியார் குனிந்து இரண்டு குவியலையும் நன்றாகப் பார்த்தார்.

"உங்கட தண்ணி சரியில்லாம இருக்கலாம்," என்றார்.

"ஒரே தண்ணிதானே ஹாஜியார்."

அவர் நிமிர்ந்தார். அப்போதும் சத்தம் போடவில்லை. "நீங்க இங்க வந்து எத்தின வருஷம்?"

"முப்பத்தஞ்சு."

"அந்த நேரம் கடற்கரையில இறங்கின ஆக்களுக்குச் சோறு ஆக்கிக் குடுத்தது எங்கட வாப்பா. அதுக்கும் இந்த ஊர் உப்புத்தான் போட்டது. நான் சொல்லிக் காட்டல்ல. ஞாபகம் இருக்கட்டும் எண்டு சொல்றன்."

அவர் எழுந்து போனார். தான் நான்கு வயதில் தின்ற சோற்றுக்கு இன்று பதில் சொல்ல வேண்டியிருப்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. லத்தீப் சேர் தட்டைத் தன் கையாலேயே தூக்கி வெளியே வைத்தார்.

"எனத்துக்குத் தங்கச்சி இந்த வேலை? பூவை வெச்சுக் கலர் காட்டினது காணாதா?"

அடுத்த கிழமை முபாரிஸ் நேரத்தோடு போய் இருட்டித்தான் வந்தான். கை விரல்களில் வெட்டு, உடுப்பில் கிறீஸ். அவள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவனாகவே சொன்னான்.

"மெசின் சரி. நான்தான் பம்பை மாத்தினேன். கொழும்பில இருந்து சாமான் எடுத்தாரு. மூணு நாளா ஓடுது."

"பழைய பக்கட்?"

"கடைகளில ஈந்ததெல்லாம் லொறியில திருப்பி எடுத்தம். ஊடுகளுக்கும் போய் மாத்திக் குடுத்தம். புது பக்கட்டுக்குப் பழசு. ஆக்களுக்கு நல்ல சந்தோசம்."

"உப்பைச் சோதிக்க பீ.எச்.ஐ. எப்ப வாறாரு?"

அவன் அவளைப் பார்த்தான். "திங்கக்கிழமை. ஹாஜியாரே வரச் சொல்லிக் கடிதம் குடுத்தீக்காரு. ஊரில சந்தேகம் வந்துட்டுதாம், பரிசோதிச்சுத் தாங்க எண்டு."

பஸீனா எழுந்து அலுமாரியைத் திறந்தாள். அவர்கள் வீட்டிலும் புதுப் பக்கட் இருந்தது. தட்டில் கொஞ்சம் கொட்டி, கஞ்சியும் வினாகிரியும், வீட்டில் மகளுக்குச் செய்து காட்டவென்று கொண்டுவந்திருந்த சின்னப் போத்தலிலிருந்து அயடைட்டும் விட்டாள். கருநீலம். பள்ளிக்கூடத்தில் செய்த எந்தப் பரிசோதனையிலும் இவ்வளவு அழகான நீலம் வரவில்லை. மகள் ஓடிவந்து, "உம்மா, இன்னொருக்கா," என்றாள்.

"நல்லதுதானே நடந்தீக்கு," என்றான் முபாரிஸ். "உனக்கு வேண்டினதும் இதுதானே. ஊர் நல்ல உப்புத் தின்னுது."

"ஓம். நல்லதுதான்."

"பொறகு எனத்துக்கு முகத்தை இப்பிடி வெச்சீக்கிறாய்?"

"நீங்க சரியாக்கினதோட நான் பொய்க்காரி ஆகிட்டேன். அது உங்களுக்கு விளங்குதா?"

அவனுக்கு விளங்கியது. அதனால்தான் கோபம் வந்தது. "நான் மெசின் வேலைக்காரன். பழுதாப் போனா திருத்தத்தான் எனக்குத் தெரியும். திருத்தாதே எண்டு சொல்றியா?" என்று கத்திவிட்டுச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் போனான். அவன் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் அவளால் பொறுக்க முடியாமல் இருந்தது. அந்த வீட்டில் அன்றைக்குப் பிறகு உப்பைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. கறியில் குறைந்தாலும் கூடினாலும் முபாரிஸ் வாய் திறக்காமல் தின்றுவிட்டு எழும்புவான்.

சனிக்கிழமை காலையில் அவள் பாடசாலைக்கு ஓடினாள். பிஸ்கட் டின் நினைவு வந்திருந்தது. காவலாளி ஆய்வுகூடத்தைத் திறந்துவிட்டான். அலுமாரி கழுவித் துடைத்துக் கிடந்தது. டின் இல்லை. லத்தீப் சேருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"பழைய தாள், எறும்பு வந்துட்டுது எண்டு நான்தான் துப்புரவு செய்யச் சொன்னன்," என்றார் அவர். "அதில எனத்த தங்கச்சி ஈந்தது? உப்புத்தானே?"

பீ.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் திங்கட்கிழமை வந்து மாதிரிகளை எடுத்தார். முடிவு வந்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. அயடீன் அளவு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ஹாஜியார் அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்து ஒவ்வொரு கடையிலும் ஒட்டினார். அதோடு வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு போனது. ஆசிரியை அல்லாத ஒருவர் மாணவர்களுக்கு இரசாயனப் பொருட்களைக் கையாளக் கொடுக்கிறார், பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து என்று. கீழே இருபத்தேழு பெற்றோரின் கையெழுத்து.

விசாரணைக்கு வந்த அதிகாரி களைத்துப்போன மனிதர். அன்றைக்கு அவருக்கு இது மூன்றாவது பாடசாலை. ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க ஆசிரியர் தரத்தில நியமனம் பெற்றவரா?"

"இல்ல சேர்."

"மாணவர்களுக்குப் பரிசோதனை செய்ய விட்டீங்களா?"

"ஓம். வினாகிரி, கஞ்சி, பூ, ஆணி. அயடைட்டை நான்தான் துளி துளியா விட்டேன், புள்ளைகளிட்டக் குடுக்கல்ல."

"செய்ய விட்டீங்களா, இல்லையா?"

"விட்டேன்."

"யார் அனுமதி தந்தது?"

அவள் லத்தீப் சேரைப் பார்த்தாள். அவர் மேசையில் இருந்த கடதாசிப் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர்.

"எனக்குத் தெரியாம நடந்தீக்கு, சேர்," என்றார் அவர் அதிகாரியிடம். "வகுப்பில சத்தம் வராமப் பாத்துக்கொள்ளத்தான் சொன்னேன்."

"சேர்," என்றாள் பஸீனா. இரண்டு வருடமாக அவள் செய்த ஒவ்வொரு பரிசோதனையின் பெயரும், நாளும், முடிவும் எழுதிய கொப்பி அவள் பையில் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தாள். அதிகாரி ஓரிரண்டு பக்கம் புரட்டினார். நல்ல கையெழுத்து என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கணம் நின்று வாசித்தார். பிறகு அதைத் தன் கோப்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். அவளே எழுதிக் கொடுத்த சாட்சி. அது அவளுக்குத் திரும்பி வரவில்லை.

"உப்பைப் பத்தி ஒண்டும் கேக்கல்லையே சேர்," என்றாள்.

"அது சுகாதாரத் திணைக்களத்து வேலை. எனக்குத் தந்திருக்கிறது இது மட்டும்தான்."

கையெழுத்துப் போட்ட இருபத்தேழு பேரின் பெயரையும் அவள் பார்த்தாள். பாதிப்பேரின் பிள்ளைகள் முந்திய வருடம் முதல்தரம் விஞ்ஞானத்தில் சித்தி அடைந்தவர்கள். நான்காவது பெயர் ஷஃபீனா. அன்று பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் ஷஃபீனாவே அவளிடம் வந்தாள். முகத்தை மறைக்கவில்லை.

"ராத்தா, கோவிக்காதீங்க. கொட்டகையில கடதாசியை நீட்டினாங்க. நான் போடாட்டி நாளைக்கு எனக்கு வேலை இல்ல."

"போட்டது சரி. அதில எனத்த எழுதி ஈந்தது எண்டு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்னால உங்கட மகளுக்கு ஆபத்தா?"

ஷஃபீனா வீதியைப் பார்த்தாள். "இல்ல ராத்தா. அவள் உங்களப் பத்தித்தான் ஊட்டில எந்நேரமும் கதைக்கிற." அதைச் சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். பஸீனாவுக்கு அவளைத் தேற்ற வேண்டும்போல ஒரு நிமிடமும் தோன்றவில்லை. பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

இடமாற்றக் கடிதம் இரண்டு மாதத்தில் வந்தது. சிலாபத்துக்கு அருகில் ஒரு பாடசாலை, அலுவலக உதவியாளர் வேலை. பதினாறு வருடம் வேலை செய்த இடத்தில் ஒரு தேநீர் விருந்துகூட வைக்கவில்லை. கடைசி நாள் ஃபஹ்மியா வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"டீச்சர், மின்பகுப்புப் பாடம் மட்டும் எனக்கு விளங்கல்ல. புத்தகத்தில படம் மட்டும்தான் ஈக்குது. பேட்டரியை வெச்சு நானே ஊட்டில செய்யலாமா?"

பஸீனாவுக்கு அதற்குப் பதில் தெரியும். இரண்டு பென்சிலைச் சீவி, ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, சோடா கரைத்த தண்ணீர். உப்பு கரைக்கக் கூடாது, குளோரீன் வரும். எல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

"உங்கட உம்மாட்டக் கேளு," என்றாள்.

பிள்ளை வாசற்படியிலிருந்து பின்னால் நகர்ந்தது. பிறகு, "சரி," என்று சொல்லிவிட்டு வீதிக்கு இறங்கியது. அது மூலை திரும்பும்வரை பஸீனா பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளை தனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டே அப்படி நின்றாள். யார் யாரோ செய்ததற்கு, திருப்பிக் கொடுக்கத் தன் கைக்கு எட்டியது அந்தப் பிள்ளை ஒன்றுதான் என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியும். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு எரியும்.

இப்போது காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டு இறங்கி, பாலாவியில் பஸ் மாறி, சிலாபம் போகிறாள். வரவுப் பதிவேட்டில் நேரம் குறிக்கிறாள், கடிதங்களைக் கோப்பில் அடுக்குகிறாள், கூட்டம் இருந்தால் தேத்தண்ணி ஊற்றுகிறாள். பின்னேரம் திரும்பி வர மகள் தூங்கி எழும்பியிருக்கும். பழைய பாடசாலைக்கு இன்னும் விஞ்ஞான ஆசிரியர் வரவில்லை. ஆய்வுகூடத்தில் அபிவிருத்திச் சங்கத்தின் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறார்களாம். பால்நிலா உப்பு நன்றாக விற்கிறது. முபாரிஸுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்தார் ஹாஜியார். அதை வேண்டாம் என்று சொல்ல அவனாலும் முடியவில்லை, அவளாலும் முடியவில்லை.

புதிய பாடசாலையின் அதிபர் அல்பேட் சேர் நல்ல மனிதர். கத்தோலிக்கர், சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பவர். போன மாதம் அவளை அறைக்குக் கூப்பிட்டு, எதிரே இருக்கச் சொல்லி, தன் பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தார்.

"பஸீனா, நீங்க முந்தி லேபில இருந்தவவாம், நான் ஃபைலில பார்த்தேன். விஞ்ஞான தினம் வருது. எங்கட சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாமான் வெச்சு ரெண்டு மூணு பரிசோதனை செஞ்சு காட்ட ஏலுமா? டீச்சர்மாருக்கு இதில பழக்கம் இல்ல."

ஜன்னலுக்கு வெளியே ஆறாந் தரத்துப் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியில் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் விசிறிக்கொண்டிருந்தார்கள். பஸீனா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது சேர்," என்றாள்.

அல்பேட் சேர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் வற்புறுத்தவில்லை. "பரவாயில்ல," என்று சொல்லி வேறு யாரையோ கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார். அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினாள். கையெழுத்துக்குப் போகவேண்டிய கடிதங்கள் ஒன்பது இருந்தன. அவற்றைத் திகதிப்படி அடுக்கத் தொடங்கினாள்.